மூன்றாம் மாடி அருவி

அந்த எலும்பு ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைப் பல்பு சார் என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டடப் பராமரிப்பு அவர் பொறுப்பு. லிஃப்ட் நின்றாலும், குழாய் ஒழுகினாலும், கட்டிலின் சக்கரம் கழன்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளே நாலு மாடியும் ஏறி இறங்கி, எரியாத பல்புகளை எண்ணிப் பட்டியல் போட்டுப் பெரிய டாக்டர் மேஜையில் வைத்துவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், பத்தொன்பது வருஷமாகியும் உதிரவில்லை. "பல்பு வாங்குறதே எனக்குப் பொழப்பாப் போச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவரை 'டேய்' என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவருடைய அக்கா.

அக்கா அவரைவிட ஒன்பது வயது மூத்தவள். புகைப்படக்காரி. வயிற்றுப்பாட்டுக்காக முப்பது வருஷம் கடைகளின் விளம்பரப் புத்தகங்களுக்குக் குக்கர், மிக்ஸி, கதவுத் தாழ்ப்பாள் என்று படம் எடுத்துக் கொடுத்தாள். குக்கர் மூடியில் தன் மூஞ்சி தெரியாமல் படம் எடுப்பதற்குள் பாதி ஆயுள் போய்விட்டது என்பாள். அவள் தனக்காக எடுத்த படங்கள் வேறு. எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆட்கள் இல்லாத அறைகள், சுவர்கள், மாடிப்படித் திருப்பங்கள். குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, அங்கேயே பிலிமைக் கழுவி, அங்கேயே அச்சுப் போடுவாள். வீட்டுக்கு வருகிறவர்கள் கை கழுவச் சமையலறைக்குத்தான் போகவேண்டும்.

அந்தப் படங்களை வைத்து மூன்று தடவை கண்காட்சி நடத்தினாள். மூன்றாவது கண்காட்சியின் வருகைப் புத்தகத்தில் இருபத்தொரு கையெழுத்து. அதில் ஆறு பல்பு சார் போட்டது. ஒன்று சாய்த்து, ஒன்று நிமிர்த்தி, ஒன்று இடது கையால் என்று மெனக்கெட்டுத்தான் பேரும் பாராட்டும் எழுதியிருந்தார். அக்கா புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஆறு பேரும் ஒரே எழுத்துப்பிழை விட்டிருக்காங்களேடா" என்றாள்.

அவருக்குப் படங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அக்கா கெட்டிக்காரி என்பது மட்டும் தெரியும். அவளைப் பத்துப் பேர் பார்க்கவில்லையே என்ற ஆற்றாமை அவருக்கு எப்போதும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் மாடி நடைக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். முட்டி மாற்றியவர்களும் இடுப்பு மாற்றியவர்களும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடை பழகுகிற இடம் அது. கடைசிச் சுவர் மொட்டையாக நின்றது. "ஏதாவது படம் மாட்டிடுங்க" என்று பெரிய டாக்டர் சொன்னதுதான் தாமதம், பல்பு சார் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார்.

அக்கா ஒரு நாள் முழுக்க யோசித்து, இருப்பதிலேயே பெரிய படத்தைக் கொடுத்தாள். இரண்டு கையையும் விரித்தால்தான் தூக்க முடியும். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன ஒரு அறை. ஒரு ஜன்னல், ஒரு பிளக் பாயின்ட், அலமாரி நின்றிருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாக. அவ்வளவுதான். அவள் எடுத்ததிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மாட்டின ஒரே வாரத்தில் வரவேற்பறையில் இருக்கும் புகார்ப் பெட்டி நிரம்பிவிட்டது. 'இதைப் பார்த்தால் யாரோ செத்துப்போன வீடு மாதிரி இருக்கிறது' என்று ஒரு சீட்டு. 'கட்டிலை எங்கே கொண்டுபோனீர்கள்' என்று இன்னொன்று. 'ஆபரேஷன் முடிந்து வரும்போது எங்கள் வீட்டையும் இப்படிக் காலி பண்ணியிருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது' என்று மூன்றாவது. பெரிய டாக்டர் சீட்டுகளை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, "படம் நல்லாத்தான் இருக்கும் போல. ஆனா வேற மாட்டிடுங்க" என்றார்.

வேறு படத்துக்கு எங்கே போவது? பல்பு சார் தன் போனைத் துழாவினார். குடும்பத்தோடு சுற்றுலா போனபோது எடுத்த ஒரு அருவி இருந்தது. போனில் 'பளிச்' ஆக்குகிற பொத்தான் ஒன்று உண்டே, அதை மூன்று தடவை அமுக்கியிருந்தார். தண்ணீர் ஒரே நீலம், மரங்கள் ஒரே பச்சை. அன்றைக்கே அக்கா அதைப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குச் சொட்டு நீலம் போட்டியாடா?" என்று கேட்டிருந்தாள். அதையே பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து மாட்டினார். காலி அறை ஸ்டோர் ரூமுக்குப் போனது.

அருவிக்கு வந்த யோகத்தை என்ன சொல்வது! நடை பழக்குகிற பிசியோ பொண்ணு முதல் நாளே அதைப் பிடித்துக்கொண்டாள். "அருவி வரைக்கும் வாங்கம்மா, அருவியைத் தொட்டுட்டுத் திரும்பிடலாம்" என்று ஆரம்பித்தாள். அருவியைத் தொட்டவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று நோயாளிகளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகிற அன்று அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி கொடுக்கிற வாழ்த்து அட்டையில் அது ஏறியது. இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகள் பிரதி கேட்டு வாங்கின. பல்பு சாருக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் பெருமை வரும்போதெல்லாம் பின்னாலேயே வேறொன்றும் வந்து குத்தும்.

ஏனென்றால் அக்காவிடம் அவர் எதையும் சொல்லவில்லை.

வெளியில் தங்கிப் படிக்கிற பிள்ளையைப் பற்றி விசாரிப்பதுபோல அவள் எப்போதாவது கேட்பாள். "படம் எப்படி இருக்குடா?"

"நல்லா இருக்குக்கா. எல்லாரும் நின்னு பார்த்துட்டுப் போறாங்க."

"எத்தனை பேர்?"

"தினம் நூறு பேராவது இருக்கும்."

முதல் தடவை மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு சரளமாக வந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் அக்காவின் இடது முட்டி மடங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். தம்பி வேலை பார்க்கிற இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கே போவாள்? "என் படத்துக்குப் பக்கத்துல நடக்கப்போறேன், எனக்கென்ன" என்றாள்.

திங்கட்கிழமை ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவர் ஸ்டோர் ரூமுக்கு ஓடினார். பழைய நாற்காலி, உடைந்த ஊன்றுகோல் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். படத்தைக் காணோம். ஸ்டோர்காரர் தாடையைச் சொறிந்துகொண்டே, "அதை எக்ஸ்ரேக்காரர் எடுத்துட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே" என்றார்.

எக்ஸ்ரேக்காரர் தரைத்தளத்தில், கனத்த ஈயக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவர். "மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க." இதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வாக்கியம் வந்ததை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை. முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் அதையேதான் சொல்வார். முட்டிக்கு எதற்கு மூச்சு என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

பல்பு சார் உள்ளே போனார். எலும்புப் படங்களை வைத்துப் பார்க்கிற வெளிச்சப் பெட்டிக்குப் பக்கத்தில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தால் நேராகக் கண்ணில் படுகிற உயரத்தில், அக்காவின் காலி அறை தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"இந்தப் படம் எனக்குக் கொஞ்ச நாள் வேணும் சார்" என்றார் பல்பு சார்.

எக்ஸ்ரேக்காரர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். "எத்தனை நாள்?" என்று கேட்டார்.

"அஞ்சே அஞ்சு நாள்."

அவர் எழுந்து படத்தைத் தானே கழற்றினார். சட்டைக் கையால் சட்டத்தின் மேல்விளிம்பைத் துடைத்தார். புதுப் படுக்கை விரிப்பு ஒன்றில் சுற்றிக் கொடுத்து, "திரும்ப வந்துடணும்" என்றார். சுவர் காலியாக இருந்ததால் எடுத்து மாட்டியிருப்பார் என்று பல்பு சார் நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் யோசிக்க அப்போது அவருக்கு நேரமில்லை.

ஆபரேஷன் அன்று ராத்திரி அருவி துணி அறைக்குள் போய்ப் படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் ஒளிந்தது. காலி அறை சுவருக்கு வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. மறுநாள் காலை பிசியோ பொண்ணு வந்து அக்காவை எழுப்பி நிறுத்தினாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வாக்கரைப் பிடித்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. பல்பு சார் பின்னால் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடைக்கூடத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பழைய பஸ் கண்டக்டர். ஒவ்வொரு அடிக்கும் தனக்குத் தானே "ரைட், ரைட்" சொல்லிக்கொள்வார். இன்னொருவர் தையல்கார அம்மா, இரண்டாவது முட்டிக்காக மறுபடி வந்திருந்தவர்.

கண்டக்டர் பாதியில் நின்றார். "என்னம்மா இது, அருவி எங்கே?"

பிசியோ பொண்ணும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ, யாரு எடுத்தா?"

"பழைய காலி ரூமைத் திரும்பக் கொண்டாந்து மாட்டிட்டாங்களே!" என்றார் தையல்கார அம்மா. "போன தடவை நான் வந்தப்ப இதுதான் இருந்துச்சு. ஒரே வாரத்துல தூக்கிட்டு அருவியை மாட்டினாங்க. அப்புறம்தான் எனக்குக் காலே நகர ஆரம்பிச்சுது."

பல்பு சாருக்குக் காது சுட்டது. சக்கர நாற்காலியின் பிரேக்கைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

அக்கா வாக்கரைப் பிடித்தபடியே தையல்கார அம்மா பக்கம் திரும்பினாள். "ஏங்க, இது பிடிக்கலையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"பிடிக்காமன்னு இல்லைம்மா. ஆனா வலியோட நடந்து போறோம், அங்க போனா ஒண்ணுமே இல்லேங்குற மாதிரி இருக்கு. எதுக்குப் போகணும் சொல்லுங்க?"

அக்கா தலையாட்டினாள். "அதுவும் சரிதான்" என்றாள். பத்து அடி நடந்துவிட்டு, போதும் என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அறைக்குத் திரும்பிக் கட்டிலில் சாய்ந்தாள்.

"கதவைச் சாத்துடா."

சாத்தினார்.

"எத்தனை நாளா?"

"எதைக் கேக்குறேக்கா?"

"முழிக்காதே."

"ஒன்பதாம் நாளே எடுத்துட்டோம்க்கா." குரல் அவருக்கே கேட்கவில்லை.

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். "போன வருஷம் என்கூடப் படிச்சவ ஒருத்தி வந்தா. உன் படத்தையெல்லாம் யாரு பார்க்குறான்னு கேட்டா. தினம் நூறு பேரு, அதுவும் நொண்டிக்கிட்டு வந்து பார்க்குறாங்கன்னு சொன்னேன். சொல்றப்ப எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

புகார் சீட்டில் யார் என்ன எழுதினாலும் தாங்கிவிடலாம். இதை எப்படித் தாங்குவது? "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..." என்று இழுத்தார்.

"கஷ்டமாத்தான் இருந்திருக்கும். அதனால என்ன? முட்டியை அறுத்து உள்ள இரும்பை வெச்சிருக்காங்க. அதையே தாங்குறேன், இதைத் தாங்க மாட்டேனா?" கொஞ்ச நேரம் கழித்து, "சரி, எந்த அருவி அது?" என்றாள்.

சொல்லித்தானே ஆகவேண்டும். சொன்னார்.

"அந்தச் சொட்டு நீலமா!"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குலுங்கிச் சிரித்ததில் தையல் போட்ட இடம் இழுத்து, "ஐயோ, ஐயோ" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். கண்ணில் வழிந்த தண்ணீரில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வலி, எவ்வளவு வேறு என்று பல்பு சாரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் இருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"போய் அதை மாட்டு முதல்ல" என்றாள் அக்கா. "அவங்க நடக்கட்டும்."

மறுநாள் அக்காவும் அருவியை நோக்கித்தான் நடந்தாள். இருபதாவது அடியில் நின்றுவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. "என்னால முடியலை."

"அருவி தெரியுதா மேடம்?" என்றாள் பிசியோ பொண்ணு. "அதோ, பன்னிரண்டே அடி. தொட்டுட்டுத் திரும்பிடலாம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தூரத்திலிருந்தும் நீலம் கண்ணைப் பறித்தது. முறைத்துப் பார்த்துக்கொண்டே ஓர் அடி வைத்தாள். இன்னும் ஓர் அடி. பின்னாலிருந்து கண்டக்டர் "ரைட், ரைட்" என்று குரல் கொடுத்தார். முப்பத்திரண்டாவது அடியில் கையை நீட்டிச் சட்டத்தைத் தொட்டாள். தையல்கார அம்மா கை தட்டினார். பல்பு சாருக்குக் கண் கரித்தது.

தொட்ட கையை எடுக்காமலே அக்கா படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். "ஓரத்துல யாரோட முழங்கைடா இது?"

"என் மச்சினனோடது."

"தண்ணி சாஞ்சு விழுதே."

"நேர்லயே சாஞ்சுதான் விழுந்துச்சுக்கா."

"ஆமா, உனக்காக அருவி சாயும்" என்றாள்.

சாயங்காலம் அவளுக்குத் தேநீர் ஆற்றிக்கொடுக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப அது நல்ல படம்தானாக்கா?"

"மட்டமான படம். என் படத்துக்குப் பக்கத்துல நிக்கக்கூட லாயக்கில்லை."

"எல்லாருக்கும் பிடிச்சிருக்கே?"

"எனக்கே முப்பதாவது அடியில பிடிச்சுதே. உட்கார்ந்து வலி குறைஞ்சதும் பிடிக்கலை." தேநீரை ஒரு மிடறு குடித்தாள். "என் படத்தை நடக்குற இடத்துல கொண்டுபோய் மாட்டினது உன் முட்டாள்தனம். யோசிக்காம கொடுத்தது என் முட்டாள்தனம்."

"ஆயிரம் பேருக்குப் பிடிக்கிறதுல ஏதோ ஒண்ணு இருக்கத்தானேக்கா செய்யும்?"

அக்கா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "இருக்கலாம். எனக்குத் தெரியலைடா. யாருக்கும் பிடிக்கலேன்னா அது நல்ல படமாத்தான் இருக்கணும்னு சின்ன வயசுல நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்படி நெனச்சுக்கிறதுல ஒரு சௌகரியம் இருக்குல்ல? இப்ப அறுபத்தொண்ணு ஆச்சு. உண்மையாவே என் படத்துல ஒண்ணும் இல்லையோன்னு சில நாள் தோணும். அந்த அம்மா சொன்னாங்களே, அங்க போனா ஒண்ணுமே இல்லேன்னு."

பல்பு சார் ஏதாவது சொல்லப் பார்த்தார். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில்தான் அவர் ஒரு பொய்யை எடுத்து வைப்பார். இப்போது அதற்கும் வழியில்லை. அவள் கால்மாட்டில் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை, புது முட்டி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்றார்கள். பல்பு சாரே அக்காவைத் தரைத்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். எக்ஸ்ரேக்காரர் முட்டியை நேராக வைத்தார், பக்கவாட்டில் வைத்தார், கதவுக்குப் பின்னால் போனார். "மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க."

"முட்டிக்கு எதுக்குங்க மூச்சு?" என்று அக்கா கேட்டுவிட்டாள்.

எக்ஸ்ரேக்காரர் வெளியே வந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளை விட்டுவிட்டுப் பல்பு சாரிடம், "சார், என் படம் எப்ப வரும்?" என்றார்.

"வந்துடும் சார், வந்துடும்" என்று பல்பு சார் அவசரமாக நாற்காலியைத் திருப்பினார்.

அக்கா சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். "எந்தப் படம்?"

எக்ஸ்ரேக்காரர் காலியாக நின்ற ஆணியைக் காட்டினார். "காலி வீட்டுப் படம்மா. அஞ்சு நாள்னு வாங்கிட்டுப் போனார். இன்னிக்கோட அஞ்சு."

"அதை எதுக்கு இங்கே மாட்டி வெச்சிருந்தீங்க? அதுல ஒண்ணுமே இல்லேன்னு மேல எல்லாரும் சொல்றாங்களே?"

அவர் இப்படிப் பேசுவார் என்று பல்பு சார் கனவிலும் நினைத்ததில்லை. எக்ஸ்ரேக்காரர் வெளிச்சப் பெட்டியில் ஏதோ ஓர் எலும்புப் படத்தைச் செருகி விளக்கைப் போட்டார். "இதுல என்ன தெரியுது உங்களுக்கு? கால் எலும்பு. நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். இங்க பாருங்க." சுண்டு விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். "முடி மாதிரி ஒரு விரிசல். கறுப்புக்கும் அதுக்கு அடுத்த கறுப்புக்கும் ஒரு நூலிழைதான் வித்தியாசம். இருபத்தாறு வருஷமா நான் இதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். ஸ்டோர்ல ஒரு நாற்காலி எடுக்கப் போனப்ப அந்தப் படம் சாத்தி வெச்சிருந்துச்சு. அலமாரி இருந்த இடம்னு ஒரு வெளுப்பு இருக்குல்ல? அதை எல்லாரும் பார்ப்பாங்க. அதுக்குள்ளேயே கீழ, இடுப்பு உயரத்துக்கு, இன்னொரு கோடு இருக்கு. ரொம்ப மெல்லிசா. அதைப் பார்த்ததும் அங்கேயே நின்னுட்டேன்."

அக்கா நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள்.

"அலமாரி வர்றதுக்கு முன்னாடி அங்கே வேற ஏதோ இருந்திருக்கு. குட்டியா. குழந்தைக் கட்டிலோ என்னவோ. குழந்தை வளர்ந்ததும் எடுத்துட்டு அலமாரி போட்டிருப்பாங்க. எல்லாரும் காலி அறைங்கிறாங்க, எனக்கு அது காலியாத் தெரியலை. தினம் மத்தியானம் சாப்பிடுறப்ப பார்ப்பேன். யாரு எடுத்தாங்களோ, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான் எடுத்திருக்கணும். அச்சுல அந்தக் கோட்டை நிறுத்துறது லேசு இல்லை."

"மூணு மத்தியானம் காத்திருந்தேன்" என்றாள் அக்கா. "மூணே முக்காலுக்குத்தான் வெளிச்சம் சாஞ்சு வந்து அந்தக் கோடு எழும்பும். அஞ்சு நிமிஷம். அப்புறம் போயிடும்."

எக்ஸ்ரேக்காரருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பல்பு சார், "என் அக்காதான் சார்" என்றார். எக்ஸ்ரேக்காரர் வெளிச்சப் பெட்டியை அணைத்தார், மறுபடி போட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெள்ளைக் கோட்டின் பையில் விட்டு எடுத்தார். கடைசியில், பழக்க தோஷம், "மூச்சை விடுங்கம்மா" என்றார். அக்கா உண்மையாகவே அப்போதுதான் மூச்சை விட்டாள்.

அந்தப் படம் எடுத்துப் பதினோரு வருஷம். அந்தக் கோட்டைப் பற்றி அவளிடம் ஒருவர்கூடச் சொன்னதில்லை. அவளாகவும் யாரிடமும் சொன்னதில்லை. தம்பியிடம்கூட.

திரும்ப லிஃப்டில் ஏறினார்கள். பல்பு சார் தன்னையே திட்டிக்கொண்டு நின்றார். நூறு பேர் பார்ப்பதாக இரண்டு வருஷம் அளந்தவர், கீழே ஒரு மனுஷன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதை ஞாயிற்றுக்கிழமையே கண்ணால் கண்டும் சொல்லத் தோன்றாமல் போனாரே! ஒரு ஆளை ஒரு கணக்காகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"டேய்" என்றாள் அக்கா. லிஃப்டின் எஃகுச் சுவரில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுக்கா."

"கீழ கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி தலையைச் சீவிக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? தலையா இது, குருவிக்கூடு!"

அன்று மத்தியானமே காலி அறை தரைத்தளத்துக்கு இறங்கியது. இந்தத் தடவை பல்பு சாரே டிரில்லைக் கொண்டுபோய், மட்டம் பார்த்து, இரண்டு திருகாணி போட்டு மாட்டினார். மாட்டிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கோட்டைத் தேடினார். தெரியவில்லை. எக்ஸ்ரேக்காரர் அவர் தலையைப் பிடித்து லேசாக இடது பக்கம் சாய்த்தார். அப்போது தெரிந்தது.

ஆறாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனாள். ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் காட்ட வந்தபோது கையில் வாக்கர் இல்லை, ஒரு தடி மட்டும். கூடவே பழுப்புத் தாள் சுற்றிய ஒரு பொட்டலம். எக்ஸ்ரேக்காரருக்கு என்று தனியாக ஒரு உறையும் வைத்திருந்தாள். அதில் நாலு மாடிப்படிப் படங்கள், எது தேறும் என்று கேட்பதற்காக. பொட்டலம் தம்பிக்கு.

பிரித்தால், அருவி! தம்பியின் போனிலிருந்து வாங்கிப்போன படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, இரண்டு வாரம் உட்கார்ந்து சரிசெய்திருந்தாள். நீலத்தை இறக்கியிருந்தாள். சாய்வை நிமிர்த்தியிருந்தாள். மச்சினனின் முழங்கை போயே போய்விட்டது. தண்ணீர் தண்ணீராக இருந்தது. பாறைமேல் அது உடைகிற இடத்தில் புகைபோல எழும்பிய சாரலைப் பல்பு சார் இப்போதுதான் பார்த்தார். அன்றைக்கு அங்கே நின்றபோது முகத்தில் பட்ட குளிர்ச்சி ஞாபகம் வந்தது. தான்தான் இதை எடுத்தோமா என்று ஆச்சரியமாக இருந்தது.

"என் தம்பி படம் ஊரெல்லாம் தொங்குது. கொஞ்சம் பார்க்குற மாதிரி இருக்கட்டுமேன்னுதான்" என்றாள் அக்கா.

பழையதை இறக்கிப் புதியதை அன்றே மாட்டினார். தினம் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஐந்தாம் நாள் புகார்ப் பெட்டியைத் திறந்தார்கள். 'அருவியில் தண்ணீர் குறைந்துவிட்டது' என்றது ஒரு சீட்டு. 'படம் சாயம் போய்விட்டது, மாற்றவும்' என்றது இன்னொன்று. பிசியோ பொண்ணு நேரிலேயே வந்தாள். "சார், தூரத்துல இருந்து தெரியவே மாட்டேங்குது. எல்லாரும் பாதியிலேயே உட்கார்ந்துடுறாங்க. பழசையே போட்டுடுங்க சார்."

பல்பு சார் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டார். எடுத்ததும், பேச்சை வளர்க்காமல், சீட்டில் இருந்ததை அப்படியே படித்துக் காட்டினார். ஒரு எழுத்து விடவில்லை.

மறுமுனையில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. "தண்ணி குறைஞ்சிடுச்சாமா?"

"ஆமாக்கா."

"பழசையே மாட்டுடா. என்னுதை என்ன பண்ணப்போறே? ஸ்டோர்ல போட்டியா?"

"இல்லக்கா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். ஹால்ல மாட்டப்போறேன். நேத்து என் பொண்டாட்டி இங்க வந்தப்ப பார்த்தா."

"என்ன சொன்னா?"

"பழசுதான் நல்லா இருந்துச்சுன்னா."

"நீ என்ன சொல்றே?"

"எனக்கு உன்னுதுதான் பிடிச்சிருக்கு."

"பொய்யா?"

"இல்லக்கா. அந்தச் சாரல் இருக்கு பாரு, பாறை மேல. அதுக்காக."

பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. "சரி சரி" என்றாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. குளியலறைக் கதவு ஒழுங்கா மூட மாட்டேங்குது, வெளிச்சம் உள்ள வருது. டிரில்லை எடுத்துட்டு வந்துடு."